ஓட்டுப் போட்ட மறுநாள் என்ன செய்வது?

(எண்ணெய்க் குழாய்ப் பாதை எதிர்ப்பு விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கெசட் வந்துவிட்டது. எண்ணெய்க் குழாய் நம்ம காடு தோட்டத்தில் எந்தெந்த சர்வே நம்பர் வழியாகப் போகப் போகிறது என்று அச்சடித்தே போட்டுவிட்டார்கள். நகலை மக்கள் பார்வைக்கும் வைத்தாகிவிட்டது. ஆட்சேபணை சொல்லச் சட்டம் நமக்குக் கொடுத்திருப்பது 21 நாள். அதில் நாலு நாள் போய்விட்டது.

ஊர் ஊராகப் போய் இதைச் சொல்லும்போது நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார்கள். "எம்.எல்.ஏ. இருக்கார், எம்.பி. இருக்கார், நாமதானுங்க ஓட்டுப் போட்டு அனுப்பினோம். அவங்க பார்த்துக்க மாட்டாங்களா? நடுவுல சங்கம் எதுக்கு, பச்சைத் துண்டு எதுக்கு?" நியாயமான கேள்விதான். இதுக்குப் பதில் தெரியாமல் இன்றைக்கு மனுவில் கையெழுத்துப் போடுகிறவர், பத்தாம் நாள் கூப்பிட்டால் வரமாட்டார். ஆகையால் முதலில் அதைப் பேசிவிடுவோம்.

ஓட்டு என்பது ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை. அன்றைக்கு நாம் சொல்வது ஒரே ஒரு சேதி: இந்த ஆள் வேண்டும், அந்த ஆள் வேண்டாம். பஞ்சு இறக்குமதிக்கு வரி போடலாமா, பாமாயிலுக்கு எவ்வளவு வரி, குழாய் தோட்டத்து வழியாகப் போகணுமா ரோட்டோரமாகப் போகணுமா, இதுக்கெல்லாம் ஓட்டு மெஷினில் பட்டன் கிடையாது. அந்த முடிவெல்லாம் எடுக்கப்படுவது மீதி ஆயிரத்து எண்ணூத்திச் சொச்சம் நாளில். அந்த நாள்களில் யார் போய்க் கதவைத் தட்டுகிறார்களோ அவர்கள் சொல்தான் பைலில் ஏறும். அப்படித் தட்டுகிறவர்களுக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'அழுத்தக் குழுக்கள்' என்று பேர். கட்சி என்றால் ஆட்சியைப் பிடிக்கப் பார்க்கும். அழுத்தக் குழு, ஆட்சியில் எவர் இருந்தாலும் தன் காரியத்தைக் கேட்டு வாங்கப் பார்க்கும். பேசவும், ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடவும், சங்கம் வைக்கவும் அரசியல் சட்டம் 19வது பிரிவிலேயே உரிமை கொடுத்திருக்கிறது. எந்த இன்ஸ்பெக்டர் தயவிலும் நாம் இங்கே உட்கார்ந்திருக்கவில்லை.

முதலாளிகளும் சங்கம்தான் வைத்திருக்கிறார்கள்

விவசாயிக்குச் சங்கம் எதுக்கு என்று கேட்கிறவர்கள், மில்காரர்களிடம் அதே கேள்வியைக் கேட்பதில்லை. தென்னிந்திய மில்கள் சங்கம் 1933லேயே தொடங்கியது. டில்லியில் பெரிய வியாபார, தொழில் முதலாளிகளின் கூட்டமைப்பான பிக்கி 1927ல் வந்தது. வெள்ளைக்காரன் காலத்திலேயே அவர்கள் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள். பட்ஜெட்டுக்கு முந்தி நிதியமைச்சர் எல்லாத் தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார். விவசாய சங்கங்களையும் ஒரு நாள் கூப்பிடுவார்கள், இல்லையென்று சொல்லவில்லை. நம்ம ஆள் ரயிலேறிப் போய் ஐந்து நிமிஷம் பேசிவிட்டு அன்று ராத்திரியே ரயிலேறி வந்துவிடுவார். முதலாளிகள் சங்கத்துக்கு டில்லியிலேயே ஆபீஸ், சம்பளத்துக்கு ஆள், கணக்குப் போடப் படித்தவர்கள். கூட்டம் முடிந்த மறுநாளும் அதே அதிகாரியைப் பார்க்க அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

பஞ்சு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம்ம பக்கம் பருத்தி போட்டவர்களுக்கு இது மறந்திருக்காது. 2012 மார்ச் 5ம் தேதி மத்திய அரசு பஞ்சு ஏற்றுமதிக்கு ஒரே உத்தரவில் தடை போட்டது. உள்ளூரில் பஞ்சு நின்றால் விலை இறங்கும், மில்லுக்கு லாபம். பருத்தி விவசாயிக்கு அடி. விவசாய மந்திரியாக இருந்த சரத் பவாரே தன்னைக் கேட்காமல் போட்ட உத்தரவு என்று வெளிப்படையாகச் சொன்னார். பார்த்தீர்களா, விவசாய மந்திரிக்கே தெரியாமல்! பருத்தி அதிகம் விளைகிற குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் எதிர்ப்புக் கிளம்பியது. குஜராத் முதல்வராக இருந்த மோடி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஒரே வாரம், மார்ச் 12ல் தடை வாபஸ். அந்த மாநிலங்களில் பருத்தி விவசாயி ஓட்டு எந்தக் கட்சிக்கும் முக்கியம். அதனால் கட்சி பேதமில்லாமல் சத்தம் வந்தது. நம்ம தமிழ்நாட்டில் மில் அதிகம், பருத்தி குறைவு. இங்கே சத்தம் எந்தப் பக்கம் வரும் என்று நமக்கே தெரியும்.

அதே பஞ்சு, 2025. வெளிநாட்டுப் பஞ்சுக்கு இருந்த 11 சதவீத இறக்குமதி வரியை ஆகஸ்ட் 19ம் தேதி எடுத்தார்கள். முதலில் செப்டம்பர் 30 வரைக்கும்தான் என்றார்கள். பத்து நாள்கூட ஆகவில்லை, டிசம்பர் 31 வரைக்கும் என்று நீட்டிவிட்டார்கள். அமெரிக்கா நம்ம துணிமணிக்கு 50 சதவீதம் வரி போட்ட சமயம் அது. திருப்பூரில் ஆர்டர் நின்றது, தொழிலாளி வேலை போனது, அந்தக் கஷ்டம் பொய்யில்லை. பனியன் கம்பெனியில் வேலை செய்கிற பிள்ளைகள் நம்ம வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். அக்டோபரிலிருந்துதான் புதுப் பருத்தி மார்க்கெட்டுக்கு வரும். சரியாக அந்த நேரத்தில் வெளிநாட்டுப் பஞ்சு வரியில்லாமல் வந்து இறங்கலாம் என்றாகிவிட்டது. மில்காரர்கள் 2022லும் இதே சலுகையைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். வழி தெரிந்த வீட்டுக்குத் திரும்பப் போவதில் சிரமம் என்ன?

பாமாயில் கதை இன்னும் நூதனம். 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில் மீது வரியை ஏற்றினார்கள், செஸ் எல்லாம் சேர்த்து 27.5 சதவீதம் ஆனது. எண்ணெய் வித்து விவசாயிக்கு நல்லது என்றே சொன்னார்கள். 2025 மே 30ம் தேதி அதை 16.5 ஆகக் குறைத்தார்கள். ஆனால் சுத்திகரித்த எண்ணெயின் வரியை 35.75லேயே விட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி 8.25லிருந்து 19.25 ஆனது. அந்த இடைவெளியை அகலமாக்கு என்றுதான் இங்கே எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைகளின் சங்கங்கள் கேட்டுக்கொண்டிருந்தன. கச்சா எண்ணெய் மலிவாக வந்தால் ஆலை ஓடும். கடலை போட்டவனுக்கும் தென்னை வைத்தவனுக்கும் போட்டி கூடும். சாலை மறியல் இல்லை, ஒரு கோஷம் இல்லை, ஒரு லத்தியடி இல்லை. காகிதத்திலேயே முடிந்தது.

இதில் அவர்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அவர்கள் போகிற நேரத்தைக் கவனியுங்கள். உத்தரவு வந்த பிறகு போவதில்லை, பைல் மேஜையில் இருக்கும்போதே போகிறார்கள். கையில் என்ன கொண்டு போகிறார்கள்? எத்தனை டன், எத்தனை கோடி, எத்தனை பேருக்கு வேலை போகும், சட்டத்தில் எந்த வரியை எப்படி மாற்றினால் சரியாகும் என்று டைப் அடித்துக் கொண்டு போகிறார்கள். அதிகாரிக்கும் மேலே குறிப்பு எழுத வேண்டும் அல்லவா? எழுதிக் கொடுத்தவர் எழுத்து உள்ளே போய்விடுகிறது. நாம் போனால், "அய்யா, வயித்துல அடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வருகிறோம். அந்த வாசகத்தை எந்தக் குறிப்பில் சேர்ப்பான் அந்த மனுஷன்?

காகிதம் ஒரு வழி என்றால், பணம் இன்னொரு வழி. 2018லிருந்து தேர்தல் பத்திரம் என்று ஒன்று விற்றார்கள். ஸ்டேட் பாங்கில் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம், கொடுத்தது யார் என்று ஓட்டுப் போடுகிற நமக்குத் தெரியாது. கம்பெனி தன் லாபத்தில் ஏழரை சதவீதத்துக்கு மேல் நன்கொடை தரக்கூடாது என்று இருந்த வரம்பையும் 2017ல் எடுத்துவிட்டார்கள். 2024 பிப்ரவரி 15ல் உச்ச நீதிமன்றம் இதெல்லாம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு பட்டியல் வெளியே வந்தது. மொத்தம் 16,000 கோடிக்கு மேல். அதில் கிட்டத்தட்டப் பாதி பி.ஜே.பி.க்கு. ஒரு லாட்டரி கம்பெனி மட்டும் 1,368 கோடிக்கு வாங்கியிருக்கிறது, அதில் 500 கோடிக்கு மேல் தி.மு.க.வுக்கு. கம்யூனிஸ்ட் கட்சிகள் வாங்கமாட்டோம் என்று நின்றார்கள். கட்சிக்காரர் யாராவது இங்கே இருந்தால் கோபப்பட வேண்டாம், பாங்கு கொடுத்த கணக்குத்தான் இது. கோடிக் கணக்கில் கொடுத்தவன் போன் செய்தால் எடுக்கிற கை, நாம் போன் செய்தால் எடுக்குமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 1995ல் ஒரு சட்டம் போட்டார்கள். அரசாங்கத்தை வளைக்க ஆள் வைத்துப் பேசினால் எதுக்காகப் பேசினாய், எவ்வளவு செலவு என்று கணக்குக் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்த கணக்கிலிருந்துதான் 2012 டிசம்பரில் ஒரு சங்கதி தெரிந்தது. வால்மார்ட் கம்பெனி 2008லிருந்து சுமார் 25 மில்லியன் டாலர், அன்றைய மதிப்பில் 125 கோடி ரூபாய், இந்த மாதிரிக் காரியங்களுக்குச் செலவழித்திருக்கிறது. இந்தியச் சந்தையில் நுழைவதும் அந்தப் பட்டியலில் ஒன்று. நம்ம நாடாளுமன்றமே அமளிப்பட்டது. நம்ம நாட்டு ரகசியம் நமக்கு அமெரிக்கக் கணக்கிலிருந்து தெரிய வேண்டியிருக்கிறது! இந்தியாவில் அப்படிக் கணக்குக் கேட்கும் சட்டம் ஒன்று இல்லை.

நம்ம கையில் இருப்பது தலைக்கணக்கு

சரி, பணமும் இல்லை, டில்லி ஆபீசும் இல்லை. நம்மிடம் என்ன இருக்கிறது?

உங்க கிணத்து மோட்டாருக்குக் கரண்டு பில் வருகிறதா? வருவதில்லை. தமிழ்நாட்டில் சுமார் 23 லட்சம் விவசாய சர்வீஸ்களுக்கு இலவச மின்சாரம். இதை எந்தத் தலைவரும் கனவு கண்டு எழுந்து கொடுத்துவிடவில்லை. 1970ல் யூனிட் 8 பைசாவிலிருந்து 10 பைசா என்று ஏற்றினார்கள். இரண்டு பைசாதானே என்று இன்றைக்குத் தோன்றும். அன்றைக்கு அது கிணற்றுப் பாசனக்காரனின் கோவணத்தில் கைவைத்த மாதிரி. கோவைப் பக்கம் வையம்பாளையத்து விவசாயி நாராயணசாமி நாயுடு ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார். அந்த ஜூன் 19ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு, மூன்று விவசாயிகள் செத்தார்கள். அதுக்குப் பிறகு அரசு ஒரு பைசாவைக் குறைத்தது. ஒரு பைசா!

1972ல் மறுபடி 12 பைசாவாக ஏற்றியபோது, மாட்டு வண்டிகளைக் கட்டிக்கொண்டு போய்க் கோவை நகரத்தையே அடைத்தார்கள். நம்ம அய்யன்மார் பலர் அந்த வண்டிக் கூட்டத்தில் போனவர்கள்தான். ஜூலை 5 பந்த் அன்று பல ஊர்களில் சுட்டார்கள். வருஷா வருஷம் ஜூலை 5ல் நாம் மாலை போடுவது அந்த உயிர்களுக்குத்தான். 1984ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு இலவசம் என்றானது. 1990ல் கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் என்றானது. இருபது வருஷம், இரண்டு கட்சி ஆட்சி. இரண்டு பேரிடமும் அடிபட்டுத்தான், இரண்டு பேரிடமும் வாங்கினோம். இதைக் கொடுத்தது நாங்கள்தான் என்று மேடையில் ஒருவர் பேசினால் கைதட்டிவிட்டுப் போங்கள், கணக்கை மட்டும் மறக்காதீர்கள்.

2003ல் ஜெயலலிதா அரசு அந்த இலவசத்தை எடுத்துவிட்டுக் கட்டணம் போட்டது. மறு வருஷம் மே மாதம் நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதியிலும் அந்தக் கூட்டணி தோற்றது. அந்த மாதமே இலவச மின்சாரம் திரும்ப வந்தது. தோல்விக்குக் காரணம் நாம் மட்டும் அல்ல. வேலை நீக்கப்பட்ட அரசு ஊழியர் கோபம், கூட்டணிக் கணக்கு எல்லாம் இருந்தது. ஆனால் திருத்தினால் ஓட்டுத் திரும்பும் என்று அவர்கள் நம்பிய பட்டியலில் கிணத்து மோட்டார் இருந்தது. அழுத்தம் என்றால் அதுதான். நாம் போய் உட்காராத இடத்திலும் நம்மைப் பற்றிய பயம் போய் உட்கார வேண்டும்.

நாயுடு அய்யா 1982ல் கட்சியும் தொடங்கிப் பார்த்தார். கூட்டத்துக்கு வந்த ஜனம் அத்தனையும் ஓட்டாக மாறவில்லை. சங்கத்துக்கு வருகிறபோது விவசாயியாக வருகிறவன், ஓட்டுச் சாவடிக்குப் போகிறபோது கட்சிக்காரனாக, சாதிக்காரனாகப் போகிறான். இதைக் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறோம். அதனால்தான் நம்ம சங்கத்தில் கரை வேட்டிக்குத் தடையில்லை, மேடையில் கட்சிக் கொடிக்குத் தடை உண்டு. எல்லாக் கட்சியும் நம்மைத் தேடி வரணும் என்றால் எந்தக் கட்சிக்கும் நாம் முன்பணம் வாங்கியவர்களாக இருக்கக் கூடாது.

டில்லிப் போராட்டத்தில் நடந்ததும் அதுதான். 2020 ஜூனில் அவசரச் சட்டம், செப்டம்பரில் மூன்று வேளாண் சட்டம். மாநிலங்களவையில் எண்ணிப் பார்க்கும் ஓட்டெடுப்பு இல்லாமல் குரல் ஓட்டிலேயே நிறைவேற்றினார்கள். நவம்பர் 26ல் பஞ்சாப், அரியானா, மேற்கு உத்தரப் பிரதேசத்து விவசாயிகள் டில்லி எல்லையில் போய் உட்கார்ந்தார்கள். சிங்கு, டிக்ரி, காஜிப்பூர். நாற்பது சங்கங்களுக்கு ஒரே மேடை, அரசியல்வாதிக்கு அங்கே மைக் கிடையாது. ஒரு ஊரிலிருந்து ஒரு டிராலியில் ஆள் போனால், அவர்கள் திரும்பும்போது அடுத்த டிராலி வரும். போனவன் வயலில் மீதிப் பேர் தண்ணி கட்டுவார்கள், கோதுமை அறுப்பார்கள். அரசு பதினோரு சுற்றுப் பேசியது. நடுவில் உச்ச நீதிமன்றம் சட்டங்களை நிறுத்தி வைத்தது. அப்போதும் அவர்கள் எழுந்திருக்கவில்லை. 2021 நவம்பர் 19ல் பிரதமர் வாபஸ் என்று அறிவித்தார், 29ம் தேதி நாடாளுமன்றமே ரத்துச் செய்தது. வெயிலிலும் பனியிலும் எழுநூறுக்கு மேற்பட்ட உயிர் போனதாகச் சங்கங்கள் சொல்கின்றன. குறைந்தபட்ச ஆதார விலைக்குச் சட்ட உத்தரவாதம் கேட்டது மட்டும் கமிட்டி என்கிற அளவிலேயே நின்றது. எல்லாம் கிடைத்தது என்று நாம் கதை அளக்கவில்லை. வந்த சட்டத்தை நிறுத்தினார்கள். அதுவே எத்தனை பெரிய காரியம்!

அரசு நம்ம பக்கம் நின்றும் தோற்ற கதை

இப்போ நம்ம குழாய்க்கு வருவோம். இதுக்கு முந்தி கெயில் கேஸ் குழாய் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கொச்சியிலிருந்து பெங்களூர், மங்களூர் போகும் பாதை. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று ஏழு மாவட்டம், 310 கிலோமீட்டர். தோட்டத்துக் குறுக்கே 20 மீட்டர் அகலத்துக்கு அளந்து கல் போட்டார்கள். விவசாயிகள் திரண்டார்கள், குழிக்குள் இறங்கிப் படுத்தார்கள். தலைமைச் செயலாளரே 2013 மார்ச்சில் கோவையில் உட்கார்ந்து நம்ம ஜனங்களிடம் கருத்துக் கேட்டார். குழாயை ரோட்டோரமாகக் கொண்டுபோ என்று மாநில அரசு உத்தரவிட்டது. ஊரெல்லாம் வெடி வெடித்தார்கள்.

கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. அந்த வருஷ நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், இது 1962ம் வருஷத்து மத்திய சட்டம், மாநில அரசு குறுக்கே நிற்க அதிகாரமில்லை என்றது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தமிழக அரசின் மனுவைத் தள்ளிவிட்டது. அதுக்குப் பிறகும் இழுபறி ஓயவில்லை, அது வேறு கதை. நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கூட்டம் பலமாக இருந்தது, அரசே இறங்கி வந்தது. ஆனால் நாம் இறங்க வைத்தது சென்னையை. பேனா டில்லியில் இருந்தது.

ஆகையால் இந்தத் தடவை சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே போராடுவோம். அந்த 1962ம் வருஷச் சட்டம் என்ன சொல்கிறது? நிலம் உங்க பேரிலேயே இருக்கும், பட்டா மாறாது. அடியில் குழாய் போடும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மேலே நீங்கள் வெள்ளாமை செய்யலாம். ஆனால் அந்தப் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு, தொட்டி, குட்டை வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. மரம் வைக்கக் கூடாது என்றால் தென்னந்தோப்புக்காரனுக்கு மிச்சம் என்ன? மூன்று ஏக்கர்க்காரன் காட்டில் குறுக்கே இப்படிப் பட்டை விழுந்தால், நாளைக்கு வாங்க வருகிறவன் என்ன விலை கேட்பான்? இதுக்கு நஷ்டஈடு, பயிர் மரம் சேதத்துக்குத் தனியாக, அது போக எடுத்துக்கொண்ட பட்டையின் சந்தை மதிப்பில் பத்து சதவீதம். பத்தில் ஒரு பங்கு! அதுவும் கெசட் வந்த தேதி மதிப்பில்.

நமக்குச் சாதகமானதும் அதே சட்டத்தில் இருக்கிறது. கெசட்டுக்கு முந்தியே குடியிருப்பாக இருக்கும் நிலத்திலும், நிரந்தரக் கட்டடம் இருக்கும் நிலத்திலும், வீட்டை ஒட்டிய நிலத்திலும் குழாய் போடக் கூடாது. மேல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்குக் குறைவான ஆழத்திலும் போடக் கூடாது. ஆட்சேபணை எழுத்தில் கொடுத்தால், நேரிலோ வக்கீல் மூலமோ பேச வாய்ப்புக் கொடுத்தே தீர வேண்டும். நிலத்தில் சம்பந்தப்பட்ட எவரும் கொடுக்கலாம் என்று இருக்கிறது, ஆகையால் குத்தகைக்கு ஓட்டுகிறவர்களும் தனியாகக் கொடுங்கள். நஷ்டஈடு போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

ஆட்சேபணை கொடுத்தால் குழாய் நின்றுவிடும் என்று நாம் சத்தியம் செய்யவில்லை. கொடுக்காதவர் நாளைக்குக் கோர்ட்டில் நின்றால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். ஒரு கிராமத்தில் இரண்டு பேர் கொடுத்தால் அது இரண்டு பேர் தகராறு. சர்வே நம்பர் விடாமல் அத்தனை பேரும் கொடுத்து, அத்தனை பேரும் விசாரணைக்கு வந்து உட்கார்ந்தால், பாதையை மாற்றுவது லாபமா இழுத்துக்கொண்டிருப்பது லாபமா என்று கம்பெனியே கணக்குப் போட ஆரம்பிக்கும். ரோட்டோரம் போனால் தூரம் கூடும், செலவு கூடும் என்கிறார்கள். கூடட்டும். அந்தச் செலவை இப்போ யார் தலையில் வைக்கிறார்கள் என்பதுதான் நம்ம வழக்கு.

கம்பெனி ஆட்கள் ஏற்கனவே தனித்தனியாக வீட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். "உங்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடப் போட்டுத் தர்றோம், வெளியே சொல்லாதீங்க" என்கிறார்கள். ஒரே வார்த்தையைப் பக்கத்துத் தோட்டத்திலும் சொல்லியிருக்கிறார்கள். டீ கொடுங்கள், மரியாதையாகப் பேசுங்கள், வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். எதுவாக இருந்தாலும் சங்கத்தில் வைத்துப் பேசலாம் என்று சொல்லி அனுப்புங்கள். பெரிய பண்ணையக்காரர் ஒருவர் தன் செல்வாக்கில் குழாயைப் பக்கத்துக் காட்டுக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்றும் காதில் விழுகிறது. அவரும் நம்ம கூட்டத்துக்கு வந்தால் வரவேற்போம். பக்கத்துக் காட்டுக்காரன் தலையில் தள்ளிவிட்டுத் தப்பிக்கிறவருக்காகச் சங்கம் ஒரு வரி மனு எழுதாது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பட்டா உங்க பேரில் இருந்தால் மனுவும் உங்க பேரில்தான் போக வேண்டும், விசாரணைக்கும் நீங்களே வர வேண்டும். வீட்டுக்காரர் வந்து "அது நான்தானுங்க" என்று சொன்னால் அதிகாரி எழுதிக்கொள்ள மாட்டார்.

எம்.எல்.ஏ., எம்.பி. இரண்டு பேரையும் பார்க்கப் போகிறோம். சட்டம் மத்திய அரசுடையது என்பதால் எம்.பி.யைத்தான் முதலில். வெறும் சால்வையோடு போகப் போவதில்லை. பெட்ரோலியத் துறைக்கு அவர் அனுப்ப வேண்டிய கடிதத்தை நாமே எழுதி, கிராமவாரியாக சர்வே நம்பர், மரக் கணக்கு, கிணற்றுக் கணக்கு, மாற்றுப் பாதைக்கு வரைபடம் எல்லாம் சேர்த்துக் கொடுக்கப் போகிறோம். அவர் லெட்டர்பேடில் போட்டுக் கையெழுத்து வாங்கி, நகலும் வாங்கி வருவோம். அனுப்பினாரா இல்லையா என்று பதினைந்து நாள் கழித்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். மில்காரர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. எதிர்க்கட்சிக்காரர்களையும் பார்ப்போம், சட்டசபையிலும் நாடாளுமன்றத்திலும் கேள்வி கேட்கச் சொல்லிக் கேள்வியையும் எழுதிக் கொடுப்போம்.

கலெக்டர் ஆபீஸ் முன்னால் ஒரு நாள் உண்ணாவிரதத்துக்கு அனுமதி கேட்டு மனு கொடுத்தாகிவிட்டது. அனுமதி வரும் வரைக்கும் யாரும் தனியாக ரோட்டில் உட்கார வேண்டாம். இளவட்டங்களுக்கு இது கசக்கும், தெரியும். கேஸ் ஒன்று விழுந்தால் வாய்தாவுக்கு அலைவதிலேயே 21 நாளும் ஓடிவிடும்.

நாளைக்குக் காலை முதல் சங்க ஆபீசில் மனு எழுதும் வேலை நடக்கும். படித்த பிள்ளைகள் ஆறு பேர் உட்கார்ந்து எழுதுவார்கள், காசு கிடையாது. வரும்போது பட்டா, சிட்டா நகல், எப்.எம்.பி. வரைபடம், கரண்டு சர்வீஸ் அட்டை, வீட்டு வரி ரசீது, ஆதார் நகல் கொண்டு வாருங்கள். குத்தகைக்காரர்கள் எழுத்தில் ஏதாவது இருந்தால் எடுத்து வாருங்கள், இல்லாவிட்டாலும் வாருங்கள். வருவதற்கு முந்தி காட்டுக்குள் ஒரு நடை நடந்து, கல் போட்ட பட்டைக்குள் எத்தனை தென்னை, எத்தனை வேம்பு, கிணறு எத்தனை அடி தள்ளி, போர் எங்கே, மண்ணுக்கடியில் சொட்டுநீர்க் குழாய் எப்படிப் போகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். செல்போன் இருக்கிற பிள்ளைகள் போட்டோ எடுத்து வரட்டும்.

வியாழக்கிழமை எல்லா மனுவையும் ஒன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குகிறோம். சீட்டுக் கொடுக்கும் வரைக்கும் அந்த இடத்தைவிட்டு நகரப் போவதில்லை, மத்தியானச் சோத்தைத் தூக்குப்போசியில் கட்டிக்கொண்டே வந்துவிடுங்கள். வேன் காலை எட்டு மணிக்குப் பஸ் ஸ்டாப் வேப்ப மரத்தடியிலிருந்து கிளம்பும். மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு நேரத்துக்கு வந்து சேருங்கள்.